அஞ்சிய இடத்திலேயே நிற்றல்

மக்கள் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளுள் அச்சத்தைப் போலத் தொன்மையானவை சிலவே. பசியும் அச்சமும் பிறப்போடு உடன் வருவன. பசி உணவைத் தேடச் செய்து உடலை வளர்க்கின்றது. அச்சம் இடரை விலக்கச் செய்து உயிரைக் காக்கின்றது. பாம்பைக் கண்டு விலகுபவனையும், வெள்ளம் பெருகும் ஆற்றில் இறங்கத் தயங்குபவனையும் கோழை என்று எவரும் பழிப்பதில்லை. தீயவற்றிற்கு அஞ்சுவதை அறிவுடைமையின் அடையாளமாகவே வள்ளுவரும் கொண்டார். ஆதலின் அச்சம் என்பது அடியோடு வெறுக்கத்தக்க பகை என்று கூறி இவ்வாராய்ச்சியைத் தொடங்குதல் பொருந்தாது.

எனினும், உயிரைக் காக்க வந்த அச்சமே வாழ்வை முடக்கும் தளையாகிவிடுவதையும் நாம் காண்கின்றோம். கொடிய நோய் உண்டோ என்று ஐயுறுபவன் மருத்துவரிடம் செல்ல அஞ்சுகின்றான். கடன்பட்டவன் கணக்கைப் பார்க்க அஞ்சுகின்றான். மகன் தவறான வழியில் செல்வதை அறிந்த தந்தை அவனோடு மனம்விட்டுப் பேச அஞ்சுகின்றார். இவர்கள் அனைவரும் தமக்குள் சொல்லிக்கொள்வது ஒன்றே: “இப்போது எனக்கு வலிமை இல்லை; வலிமை வந்தபின் இதனை எதிர்கொள்வேன்.” ஆனால் அந்த வலிமை வருவதில்லை. நாட்கள் செல்லச் செல்ல நோய் முற்றுகின்றது, வட்டி ஏறுகின்றது, மகன் தொலைவில் போய்விடுகின்றான்.

எனவே நாம் ஆராய வேண்டிய வினா இதுவாகும்: அச்சத்தை எதிர்கொள்வதற்கு முன்னரே மனிதனிடம் வலிமை இருத்தல் வேண்டுமா? அல்லது எதிர்கொள்ளும்போதுதான் வலிமை பிறக்கின்றதா?

இவ்வினாவிற்கு விடை காணுமுன் இடர் வேறு, அச்சம் வேறு என்பதைத் தெளிதல் வேண்டும். இடர் வெளியிலுள்ளது, அச்சம் உள்ளத்தில் உள்ளது. நோய் ஓர் இடர். அந்நோயைப் பற்றி இரவெல்லாம் உறங்காது மனம் புனைந்துகொள்ளும் கோலங்கள் அச்சம். இடர் ஒருமுறை வந்து தாக்கும். அச்சமோ, இடர் வருமுன் நூறுமுறை வந்து தாக்கும். சில வேளைகளில், இடர் வாராமலே தாக்கிக்கொண்டிருக்கும்.

இவ்வேறுபாட்டை நம் தமிழ்ப் பெருங்காப்பியமாகிய மணிமேகலை ஒரு கதையால் காட்டுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் கோதமை என்னும் பார்ப்பனியின் மகன் சார்ங்கலன். தனியே வழிச் சென்ற அவ்விளைஞன், மதில் சூழ்ந்த சுடுகாட்டை ஊர் என்று எண்ணி உள்ளே புகுந்துவிட்டான். அங்கே பிணத்தின் தலையைக் கையிலேந்திப் பேயொன்று களித்தாடுவதைக் கண்டான். கண்டவன் நடுங்கி, அலறிக்கொண்டு வீடு நோக்கி ஓடினான். சுடலையின் பேய்க்குத் தன் உயிரைக் கொடுத்துவிட்டதாகத் தாயிடம் கூறி, அவள் முன்னே வீழ்ந்து இறந்தான்.

இக்கதையில் பேய் சார்ங்கலனைத் தொட்டதாகச் சாத்தனார் கூறவில்லை. அது தன் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவே. மகனை இழந்து புலம்பிய கோதமைக்குச் சம்பாபதித் தெய்வம் கூறிய மறுமொழி கருதத்தக்கது. அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை என்றும், அவனது அறிவின் மயக்கத்தையே பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினை உயிரைக் கவர்ந்தது என்றும் அத்தெய்வம் உரைக்கின்றது. பேயை நம்பும் காலத்தில் எழுந்த காப்பியம், பேயின் மீது பழி சுமத்தாமல் மயக்கத்தின் மீது சுமத்துவது வியத்தற்குரியதன்றோ? சார்ங்கலன் சுடுகாட்டை விட்டு ஓடிவந்தான். ஆனால் அவன் கண்ட காட்சி அவனோடு கூடவே ஓடிவந்தது. கால்களால் ஓடி இடரினின்றும் தப்பலாம். அச்சத்தினின்றும் அவ்வாறு தப்ப இயலாது.

இனி, இதே போன்றதோர் இருட்டில், இதே போன்றதோர் அச்சத்தின் முன் ஓடாமல் நின்றவரின் வரலாற்றைக் காண்போம்.

மச்சிம நிகாயத்தின் நான்காவது சூத்திரம் பயபேரவ சூத்திரம் எனப்படும். அச்சத்தையும் திகிலையும் பற்றிய உரை என்பது அதன் பொருள். சாவத்தி நகரின் ஜேதவனத்தில் பகவான் தங்கியிருந்தபோது ஜானுசோணி என்னும் அந்தணர் அவரை அணுகினார். அடர்ந்த காட்டில் தனித்து வாழ்தல் அரிது. மன ஒருமை பெறாதவனுடைய உள்ளத்தைக் காடு பறித்துக்கொண்டுவிடும் அல்லவா என்று வினவினார். “எனக்கு அத்தகைய அச்சம் என்றும் இருந்ததில்லை” என்று பகவான் விடையிறுத்திருந்தால் அதனை எவரும் மறுத்திருக்கமாட்டார். அவர் அவ்வாறு கூறவில்லை. அந்தணர் கூற்றை ஒப்புக்கொண்டார். போதி பெறுமுன் தமக்கும் அவ்வாறே தோன்றியது என்றார். உலகம் வணங்கும் ஆசான் தாமும் அஞ்சியதுண்டு என்று வெளிப்படையாகக் கூறுவது, அஞ்சி நிற்கும் எளியோருக்கு எத்துணை ஆறுதல்!

அதன்பின் அவர் தாம் செய்ததைப் படிப்படியாக எடுத்துரைக்கின்றார். அதில் இரண்டு பகுதிகள் உள.

முதற்பகுதி, தம்மைத் தாமே ஆராய்ந்தது. காட்டிற்குச் செல்லும் துறவிகளுட் சிலருக்குத் திகில் உண்டாவது எதனால் என்று அவர் எண்ணிப் பார்த்தார். செயலில் தூய்மையின்மை, சொல்லில் தூய்மையின்மை, எண்ணத்தில் தூய்மையின்மை, வாழ்க்கைத் தொழிலில் தூய்மையின்மை, பேராசை, பகைமை, சோம்பல், ஐயம், தற்புகழ்ச்சி முதலாகப் பதினாறு நிலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இஃது என்னிடத்தில் உண்டா என்று நோக்கினார். இல்லை என்று கண்ட ஒவ்வொரு முறையும், காட்டில் வாழும் துணிவு தம்மிடம் மிகுந்ததாகக் கூறுகின்றார்.

இதில் அடங்கிய உண்மை எளியது. ஆயினும் நாம் அடிக்கடி மறப்பது. அச்சத்திற்கு வெளியே உள்ள காரணத்தைத் தேடும் நாம், உள்ளே அதற்கு இடங்கொடுக்கும் விரிசலைத் தேடுவதில்லை. பொய்க்கணக்கு எழுதி வைத்திருப்பவனுக்குக் கதவு தட்டப்படும் ஒலியெல்லாம் அதிகாரியின் வரவாகத் தோன்றும். வஞ்சனை செய்தவனுக்கு இருவர் மெல்லப் பேசிக்கொள்வதெல்லாம் தன்னைப் பற்றியதாகவே படும். இத்தகையோர் துணிவைத் தேடுமுன் நேர்மையைத் தேடவேண்டும். தவறு உண்டாயின் அதனைத் திருத்தவேண்டும். கொடுக்கவேண்டியது உண்டாயின் கொடுக்கவேண்டும். ஒழுக்கம் என்பது மறுமைக்கு மட்டும் சேர்த்துவைக்கும் பொருளன்று. இடுக்கண் வந்த நள்ளிரவில் நிற்பதற்குக் காலடியில் உறுதியான நிலமாக இருப்பதும் அதுவே.

இரண்டாம் பகுதி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. மாசற்ற ஒழுக்கம் தம்மிடம் உண்டு என்று கண்டபின்னும் பகவான் அமைதியாக இருந்துவிடவில்லை. பதினான்காம் நாள், பதினைந்தாம் நாள், எட்டாம் நாள் எனச் சிறப்பாகக் குறிக்கப்பெற்ற இரவுகளில், மயிர்க்கூச்செறியச் செய்யும் வனக்கோயில்களையும் மரக்கோயில்களையும் தேடிச்சென்று தங்கினார். அச்சம் எவ்வாறு வருகின்றது என்று காணும் பொருட்டே சென்றார். இரவில் ஒரு மான் அருகில் வரும். ஒரு மயில் சுள்ளியை ஒடிக்கும். காற்று சருகுகளைச் சலசலக்கச் செய்யும். இதோ அச்சம் வருகின்றது என்று உள்ளம் திடுக்கிடும். அப்போது அவர் எண்ணினார்: நான் ஏன் அச்சத்தையே எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டும்? அது என்னை எந்நிலையில் வந்து அடைகின்றதோ, அந்நிலையிலேயே இருந்து அதனை அடக்குவேன்.

அவ்வாறே செய்தார். உலாவிக்கொண்டிருக்கையில் அச்சம் வந்தால், அது அடங்கும்வரை நிற்கவுமில்லை, உட்காரவுமில்லை, படுக்கவுமில்லை, உலாவிக்கொண்டே இருந்தார். நிற்கையில் வந்தால் நின்றார். அமர்ந்திருக்கையில் வந்தால் அமர்ந்தே இருந்தார். படுத்திருக்கையில் வந்தால் எழவில்லை.

இருக்கும் நிலையை மாற்றாமைக்கு இத்துணை முதன்மை ஏன் என்று கேட்கலாம். அமர்ந்திருப்பவன் எழுந்து நின்றால் என்ன குறைந்துவிடும்? குறைவது இதுதான்: அச்சம் ஒன்றைச் செய் என்கின்றது, அவன் அதனைச் செய்துவிடுகின்றான். அடுத்த முறை அச்சம் இன்னும் சற்று மிகுதியாகக் கேட்கும். எழுந்து நின்றவனை நடக்கச் சொல்லும். நடந்தவனை ஓடச் சொல்லும். ஓடி வந்தவனுக்கோ, அங்கே உண்மையில் என்ன இருந்தது என்பது என்றும் தெரியாது. சருகை அசைத்தது காற்று என்று அறியும் வாய்ப்பை அவன் இழந்துவிட்டான். அன்றிரவு தான் பிழைத்ததற்குக் காரணம் தன் ஓட்டமே என்று அவன் நம்புவான். அந்நம்பிக்கை அவனை மறுபடியும் ஓடச் செய்யும். அசையாது இருந்தவனோ இரண்டு உண்மைகளைக் கண்டறிகின்றான். ஒன்று, வந்தது மான் என்பது. மற்றொன்று, அச்சமும் ஏனைய பொருள்களைப் போலத் தோன்றி, நின்று, மறைவதே என்பது. அநித்தியம் என்று நூலில் கற்றதை அவன் தன் நெஞ்சத் துடிப்பிலேயே கண்டுகொள்கின்றான்.

இக்கால உளநூலாரும் இவ்வழியில் சென்று இதனையொத்த முடிவை எய்தியுள்ளனர். 1924-ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, பீட்டர் என்று அவர் குறிப்பிட்ட ஏறத்தாழ மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிய ஆய்வினை வெளியிட்டார். அக்குழந்தை முயலைக் கண்டால் அஞ்சி அழும். குழந்தை விரும்பியதை உண்டுகொண்டிருக்கும் வேளையில், முயலைக் கூண்டிலிட்டுத் தொலைவில் வைத்தனர்; பின்னர்ச் சிறிது சிறிதாக அருகிற் கொணர்ந்தனர். இறுதியில் குழந்தை அம்முயலைத் தன் கையாலேயே தடவிக் கொடுத்தது. விலகி ஓடுதல் அச்சத்தை வளர்க்கும். அளவறிந்து அதன் முன் இருத்தல் அதனைத் தேய்க்கும் என்பது இன்று அச்சநோய்களுக்குச் செய்யப்படும் உளமருத்துவத்தின் அடிப்படைகளுள் ஒன்று.

இதுகாறும் கூறியதால், வலிமை வந்தபின் எதிர்கொள்வேன் என்பவன் முறையைத் தலைகீழாக்குகின்றான் என்பது விளங்கும். ஆனால் இன்னுமொரு வினா எஞ்சியுள்ளது. எதிர்கொள்ளும்போது கிடைக்கும் வலிமை எங்கிருந்து வருகின்றது? வெளியிலிருந்து எவரேனும் தருகின்றனரா?

இதற்கும் மணிமேகலையே விடை தருகின்றது. ஆதிரையின் கணவனாகிய சாதுவன், செல்வத்தைத் தீயொழுக்கத்தில் இழந்து, பொருளீட்டக் கப்பலேறினான். கடுங்காற்றில் கப்பல் உடைந்தது. ஒடிந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு, மனிதரைக் கொன்று தின்னும் நாகர் வாழும் மலையை அடைந்து, களைப்பால் ஒரு மரத்தடியில் உறங்கிவிட்டான். நாகர் வந்து, நல்ல உணவு கிடைத்தது என்று மகிழ்ந்து அவனை எழுப்பினர். செல்வம் போய், மரக்கலம் போய், துணை போய், இப்பொழுது உயிரும் போகும் நிலை. இதனினும் பெரிய இடுக்கண் ஏது?

சாதுவன் அந்நாகரின் மொழியை முன்னரே ஐயமறக் கற்றிருந்தான். அவன் அவர்கள் மொழியிலேயே பேசினான். கொல்ல வந்தவர்கள் கையடக்கி, அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். அத்தலைவனோடு அமர்ந்து உயிரின் இயல்பையும் வினைப்பயனையும் உரையாடும் அளவிற்கு நிலைமை மாறியது. கொலையை விலக்குமாறு தலைவனுக்கு அறிவுரை கூறி, அவன் மனமுவந்து அளித்த பொருள்களோடு, சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலேறிச் சாதுவன் ஊர் திரும்பினான்.

சாதுவனைக் காத்தது புதிதாக வந்த ஆற்றலன்று. அவன் என்றோ கற்றிருந்த மொழியே அவனைக் காத்தது. எனினும், அச்சத்தால் நா எழாது போயிருந்தால் அம்மொழி அவனுக்கு என்ன பயன் தந்திருக்கும்? அச்சம் நம்மிடம் இருப்பதை அழிப்பதில்லை. அதனை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகின்றது. கற்ற தொழிலும், பழகிய பொறுமையும், நண்பர் அன்பும், முன்னர்க் கடந்துவந்த துன்பங்களின் நினைவும் நம்மிடம் இருந்தபடியே இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்ளும் கை நடுங்குகின்றது. அந்நடுக்கம் அடங்கும்வரை நின்றவனுக்கு, அவன் முன்பு கண்டிராத ஆற்றல் தன்னுள்ளே இருந்தது புலப்படுகின்றது. இடுக்கண் வலிமையைத் தருகின்றது என்று உலகோர் கூறுவதன் பொருள் இதுவே என்று கொள்ளலாம்.

இஃது அருந்தவத்தோர்க்கும் காப்பிய மாந்தர்க்கும் மட்டும் உரிய செய்தியன்று. கோலார் தங்கவயலின் அண்மைக்கால வரலாற்றை நோக்குக. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே தொழிலைத் தொடங்கியதன் பின், தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறியோர் பலர். அவர்களும் அவர்கள் மக்களும் பேரர்களும் கூண்டிலேறி நிலத்தின் வயிற்றுக்குள் இறங்கினர். சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டரையும் கடந்தது. ஆழ்ந்த பாறையின் வெம்மை ஒருபுறம். அழுத்தம் தாங்காது பாறை திடீரென்று வெடித்துச் சிதறும் கேடு மறுபுறம். அத்தகைய இடத்தில் நாள்தோறும் இறங்கி ஏறியவர்களை அஞ்சாநெஞ்சர் என்பது மிகையாகாது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. பாறை வெடிப்புக்கு அஞ்சாதவனும், வேலையில்லாத மறுநாட்காலையை எண்ணி அஞ்சினால் அதில் வியப்பில்லை. சுரங்கத்தின் அச்சம் பழகிய அச்சம். உடன் உழைப்போர் பலரும் பகிர்ந்துகொண்ட அச்சம். வேலை இழந்தவனின் அச்சமோ புதியது. தன் வீட்டுக்குள் தனியே சுமக்க வேண்டியது. ஓரிடத்தில் பெற்ற துணிவு மற்றோரிடத்திற்குத் தானே நடந்துவருவதில்லை. அங்கும் ஒருமுறை நின்று அதனைப் பெறவேண்டியுள்ளது. தங்கவயலார் நின்றனர். விடியுமுன் புகைவண்டியேறிப் பெங்களூருக்குச் சென்று, கிடைத்த தொழிலைச் செய்து, இரவில் வீடு திரும்பும் வாழ்வைப் பல்லாயிரவர் மேற்கொண்டனர். தந்தை மண்ணுக்குள் இறங்கிய நேரத்தில் மகன் வண்டியேறினான். இவ்வாழ்வில் துன்பம் இல்லை என்று எவரும் கூறார். ஆயினும் சுரங்கம் போனால் எல்லாம் போயிற்று என்ற அச்சம் கூறியது முழு உண்மையன்று என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினர்.

இக்கருத்தைத் தவறாகப் பொருள்கொள்ளாதிருக்கச் சில கூறுதல் இன்றியமையாதது.

முதலாவது, அச்சத்தை எதிர்கொள்வது வேறு. இடரை வலிய அழைப்பது வேறு. வெறிகொண்ட யானையின் எதிரே நிற்பது வீரமன்று. வீட்டில் அடியும் உதையும் பட்டு, ஒருநாள் குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியேறும் பெண்ணைப் பார்த்து ‘ஓடிவிட்டாள்’ என்பது பேதைமை. அவள் இடரினின்றும் விலகினாள்; ஊரார் என்ன சொல்வர், நாளை எப்படிப் பிழைப்பது என்ற பேரச்சங்களை நேர்நின்று எதிர்கொண்டாள். அவ்வீட்டிலேயே இருந்திருந்தால்தான் அச்சத்திற்கு அடிமையாக இருந்திருப்பாள். ஆகவே கால்கள் எத்திசையில் செல்கின்றன என்பதைக் கொண்டு துணிவை அளத்தல் கூடாது.

இரண்டாவது, இந்நெறி ஒவ்வொருவரும் தமக்குத் தாமே மேற்கொள்ளத்தக்கது, பிறர்மீது சுமத்தத்தக்கதன்று. துயருற்றோரை நோக்கி, ‘நீ ஏன் இன்னும் அஞ்சுகின்றாய்?’ என்று கடிந்துகொள்வோர் அவர்தம் அச்சத்தோடு நாணத்தையும் சேர்த்துவிடுகின்றனர். குழந்தை பீட்டரின் முன் முயலை ஒரே நாளில் மடிமீது வைத்திருந்தால் அக்குழந்தை தேறியிருக்குமா? அளவும் காலமும் அறிதல் வேண்டும். மருத்துவரின் உதவியும் நண்பரின் துணையும் நாடுவது இழுக்கன்று. தனித்துக் காட்டிற்குச் சென்ற பகவானே பிற்காலத்தில் சங்கத்தை அமைத்தார். நல்ல நட்பை அறவாழ்வின் முழுமையாகவே போற்றினார்.

மூன்றாவது, ஒருமுறை நின்றதனால் அச்சம் என்றென்றும் ஒழிந்துவிடும் என்று எதிர்பார்த்தல் ஏமாற்றத்தையே தரும். பயபேரவ சூத்திரத்தில் அச்சம் உலாவும்போதும் வந்தது, நிற்கும்போதும் வந்தது, அமரும்போதும் படுக்கும்போதும் வந்தது. ஒவ்வொரு முறையும் அதனை அவர் அங்கேயே சந்தித்தார். நமக்கும் அவ்வாறே. இவ்வாண்டு நோயைப் பற்றிய அச்சம். வரும் ஆண்டு மக்களைப் பற்றிய அச்சம். முதுமையில் தனிமையைப் பற்றிய அச்சம். முன்னர் நின்று பழகியவனுக்குப் பின்னர் நிற்பது சற்று எளிதாகும். அந்தச் சற்றே அவனது செல்வம்.

எனவே, இவ்வுரையைப் படிக்கும் அன்பர் எவரேனும் நெடுநாளாக ஒன்றை ஒத்திவைத்திருப்பாராயின், பெருஞ்செயல் எதனையும் இன்றே செய்யவேண்டுவதில்லை. பிரிக்காமல் வைத்திருக்கும் கடிதத்தைப் பிரித்து, அமர்ந்த இடத்திலிருந்து எழாமல் படித்து முடிக்கட்டும். நெஞ்சு படபடக்கும், படபடக்கட்டும். அது தணியும்வரை கடிதத்தைக் கீழே வையாதிருக்கட்டும். அதன்பின் செய்யவேண்டுவது யாதென்று கடிதமே சொல்லும். படியாத கடிதம் ஒருபோதும் வழி சொல்லாது.

பகவான் திருவுருவங்கள் பலவற்றில் வலக்கை உயர்ந்து, உள்ளங்கை நம்மை நோக்கி விரிந்திருப்பதைக் காண்கின்றோம். அதனை அபய முத்திரை என்பர். ‘அஞ்சற்க’ என்பது அதன் பொருள். அக்கையை வெறும் அருட்குறியாக மட்டும் கண்டு வணங்கிச் செல்வோர் பலர். காட்டின் இருளில், சருகின் ஒலி கேட்டு மயிர்க்கூச்செறிந்தும், இருந்த இடத்தை விட்டு அகலாதவரின் கை அது என்பதையும் நினைத்தல் வேண்டும். தன் அச்சத்தை அறியாதவன் பிறர்க்குக் கூறும் ‘அஞ்சற்க’ என்னும் சொல் வெற்றுரையாகவே போகும். அறிந்து, நின்று, கடந்தவனுடைய சொல்லுக்கோ நோயாளியின் படுக்கையருகிலும், வேலை இழந்தவனின் வாயிலிலும், மகனைப் பறிகொடுத்த தாயின் முன்னும் பொருள் உண்டு. நாம் நமக்காகப் பெறும் வலிமை நம்மோடு நின்றுவிடுவதில்லை. நம்மைச் சூழ்ந்தோர்க்கு நாம் அளிக்கக்கூடிய தானங்களுள் சிறந்ததாகிய அபயதானத்திற்கு அதுவே முதலாகின்றது.